எம் மாணவியரும் ஓடுகளமும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

நூற்றாண்டு மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது "பாடசாலையின் விளையாட்டுத்துறை வரலாறு". வைத்தியர் என்பதால் பாடசாலைச் சுகாதாரம் பற்றி எழுதச் சொல்வார்கள் என்று எண்ணியிருந்தேன். நான் அஞ்சலோட்ட அணியில் இருந்தவள் என்பதைக் குழுவில் யாரோ ஞாபகம் வைத்திருந்திருக்கிறார்கள். இருந்தவள் என்பது உண்மைதான். எந்த இடத்தில் இருந்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் சிரமம் தெரிந்தது. பழைய பரிசளிப்பு விழா அறிக்கைகளில் கிடைத்தவற்றைப் பார்த்தேன். பரீட்சைப் பெறுபேறுகள் பாடம் பாடமாக இருக்கின்றன. கட்டடம், தளபாடம், நன்கொடையாளர் பெயர் எல்லாம் இருக்கின்றன. விளையாட்டுக்கு வந்தால் "விளையாட்டுத்துறையிலும் எமது மாணவியர் திறமை காட்டியுள்ளனர்" என்ற ஒரு வரி. அடுத்த ஆண்டு அறிக்கையிலும் அதே வரி. யார் ஓடினார்கள், எத்தனை செக்கனில் ஓடினார்கள், எந்த மைதானத்தில் என்று ஒன்றும் இல்லை. பலவற்றை 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி கொண்டுபோனது என்பார்கள். சூறாவளி கூரையைக் கொண்டுபோயிற்று, தென்னைகளைக் கொண்டுபோயிற்று, கடதாசியையும் கொண்டுபோயிருக்கும். ஆனால் எழுதப்படாததை எந்தக் காற்றும் கொண்டுபோக முடியாது.

ஆகவே இது பதக்கக் கணக்கு அல்ல. பெண்பிள்ளைகள் ஓடுவதற்கு இந்த உலகமும் எமது வாவிக்கரையும் எவ்வளவு தூரம் இடம் கொடுத்தன என்பதை, எனக்குத் தெரிந்த அளவில், அங்கங்கே தொட்டுச் செல்கிறேன்.

எமது சங்கம் தொடங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்திறங்கியது 1814இல். அதிலிருந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கே பள்ளிக்கூடங்கள் நடந்துவிட்டன. பெண்களுக்கும் தனிப் பள்ளிகள் எழுந்துவிட்டன. கல்லடிப் பாலம் 1924இல் திறக்கப்பட்டு, தேசாதிபதி மனிங்கின் மனைவியின் பெயரைப் பெற்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1928இல், புகையிரதப் பாதை மட்டக்களப்பை எட்டியது. அதுவரை கொழும்பு என்பது எங்கள் பாட்டிமாருக்கு வேறொரு தேசம். பிற்காலத்தில் அகில இலங்கைப் போட்டிக்குப் போன எத்தனையோ பிள்ளைகள் அந்த இரவு வண்டியில்தான் காலை மடக்கிக்கொண்டு தூங்கி, கோட்டைப் புகையிரத நிலையத்தில் முகம் கழுவிவிட்டு ஓடப் போனார்கள்.

அதே 1928இல்தான் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக மெய்வல்லுநர் நிகழ்ச்சிகள் நடந்தன. அம்ஸ்ரடாமில் ஐந்தே ஐந்து: 100 மீற்றர், 800 மீற்றர், உயரம் பாய்தல், தட்டெறிதல், நான்கு தர நூறு மீற்றர் அஞ்சலோட்டம். 800 மீற்றரில் ஜேர்மனியின் லினா ராட்கே உலக சாதனையுடன் முதலிடம் பெற்றார். இரண்டாவதாக வந்தவர் ஜப்பானின் கினுவே ஹிட்டோமி. ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஆசியப் பெண் அவர். ஓட்டம் முடிந்ததும் சிலர் களைத்துப் புல்லில் சாய்ந்தார்கள். 800 மீற்றர் ஓடியவர் யாராக இருந்தாலும் சாய்வார்கள். நான் சாய்ந்திருக்கிறேன், ஆண்களும் சாய்வதைப் பார்த்திருக்கிறேன். பத்திரிகைகள் அதைப் பெண்ணுடலுக்கு நேர்ந்த விபத்துப் போல எழுதின. பாதிப் பேர் ஓடி முடிக்கவில்லை என்றுகூட எழுதினார்கள். ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள் என்பதே உண்மை. அந்தச் சாட்டில் பெண்களுக்கான 800 மீற்றர் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டு, 1960இல் ரோமாபுரியில்தான் திரும்பி வந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள். 1500 மீற்றர் 1972இல், மரதன் 1984இல், கோலூன்றிப் பாய்தல் 2000இல். "பெண்பிள்ளை அவ்வளவு தூரம் ஓடக்கூடாது, வயிற்றுக்குக் கூடாது" என்று எங்கள் அம்மம்மா சொன்னதைக் கிராமத்து அறியாமை என்று நான் ஒரு காலத்தில் நினைத்தேன். அம்மம்மாவுக்கு முன்பே அதைச் சொன்னவர்கள் ஐரோப்பாவில் கோட்டும் தொப்பியும் அணிந்த வைத்தியர்கள் என்பது மருத்துவக் கல்லூரிக்குப் போன பிறகே தெரிந்தது.

இந்த நிலையில் எம்மைப் போன்ற பெண்கள் பாடசாலைகளில் ஓட்டம் எங்கிருந்து வந்திருக்கும்? முதலில் வந்தது 'ட்றில்'. வரிசையாக நின்று கையை உயர்த்தி இறக்குவது. அதன் பிறகு வலைப்பந்து. இல்லங்கள் பிரிக்கப்பட்டு, நிறங்கள் கொடுக்கப்பட்டு, அணிநடையோடு இல்ல விளையாட்டு விழா வந்தபோது சாக்கோட்டமும் தேசிக்காய் கரண்டியும் ஊசியில் நூல் கோர்த்தோடலும் பெண்களுக்குரிய நிகழ்ச்சிகளாக இருந்தன. பெற்றோர் முன்னிலையில் பெண்பிள்ளை ஓடலாம், ஆனால் கையில் ஒரு கரண்டி இருக்க வேண்டும்!

இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்று ஊரே கத்திப் போட்டி போடுவது மட்டக்களப்பாருக்குப் புதிதல்ல. கண்ணகி அம்மன் சடங்கோடு வரும் கொம்புமுறியில் வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகும். கொம்பு முறியும் வரைக்கும் தூக்கமில்லை. வெள்ளைக்காரர் கொண்டுவந்த இல்லப் போட்டி இங்கே இவ்வளவு வேகமாக வேர்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். கொம்புமுறியில் இழுப்பவர்கள் ஆண்கள். பெண்களுக்கு அங்கே குரவை. பிறகு எங்கள் விளையாட்டு விழாக்களில் அஞ்சலோட்டத்தின் கடைசி நூறு மீற்றரில் வேலியோரத்தில் நின்ற தாய்மார் குரவை போட்டது என் காதில் இப்போதும் இருக்கிறது. அந்தக் குரவை இந்தத் தடவை ஓடுகிற பெண்ணுக்கானது.

ஆண்பிள்ளைகளுக்கு முன்னால் முன்னோடிகள் இருந்தார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இலும் 1956இலும் ஒலிம்பிக்கில் பங்குபற்றி, 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கம் பெற்றார். மட்டக்களப்பில் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார் கூடைப்பந்தையும் மெய்வல்லுநரையும் ஒரு வேள்வி போல நடத்தினார்கள். அவர்களில் ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரைத்தான் நகரத்து மைதானம் தாங்கி நிற்கிறது. எம் பாடசாலையில் பயின்று வலயப் போட்டிக்குப் போன ஒவ்வொரு மாணவியும் வெபர் மைதானத்தின் புல்லை மிதித்தவள். அங்கே எங்களுக்குக் கிடைத்தது ஆண்கள் பாடசாலைகள் பயிற்சி முடித்துவிட்டுப் போன நேரம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

பெண்கள் ஓட்டத்தை உண்மையில் மாற்றியது பெரிய மனிதர் ஒருவர் அல்ல, ஒரு ஏணி. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. அதன் பிறகு ஒரு ஒழுங்கு உருவாயிற்று: இல்லப் போட்டியில் முதலிடம் வந்தவள் வட்டாரத்துக்கு, பின்னர் வலயத்துக்கு, அங்கிருந்து மாகாணத்துக்கு, அதிலும் தெரிவானால் தேசிய மட்டத்துக்கு. இடையில் சேர் ஜோன் டாபட் போட்டிகள் வேறு. இந்த ஏணியில் பணக்காரப் பள்ளி, ஏழைப் பள்ளி என்ற படி கிடையாது. குருக்கள்மடத்துப் பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளைக்கும் தூரம் ஒன்று, மணிக்கூடு ஒன்று. சப்பாத்து மட்டும் ஒன்றல்ல. எங்கள் காலத்தில் அணிக்கு இரண்டு சோடி ஸ்பைக்ஸ். கால் பொருந்தியவள் போட்டுக்கொள்வாள், மற்றவர்கள் வெறுங்கால். முதற்கோல் ஓடியவளின் சப்பாத்தைக் கழற்றி, அடுத்த நிகழ்ச்சிக்குப் போகிறவளுக்கு மைதானத்தைக் குறுக்கறுத்து ஓடிக்கொண்டுபோய்க் கொடுத்ததுதான் அன்று நான் ஓடிய மிக வேகமான ஓட்டம் என்று ரீச்சர் பகிடி பண்ணுவார்.

இளைய வாசகிகளுக்கு ஓடுபாதை போடுவது பற்றிச் சொல்லவேண்டும். இன்று தேசிய மட்டத்தில் செயற்கை ஓடுபாதை இருக்கிறது, கோடுகள் நிரந்தரமானவை. எங்கள் மைதானத்தில் 400 மீற்றர் பாதைக்கு இடமில்லை. 200 மீற்றர்ச் சுற்றுத்தான். விழாவுக்கு ஒரு வாரம் முன்பு கயிறு, முளை, சுண்ணாம்பு வாளி, அளவு நாடா என்பவற்றோடு உடற்கல்வி ஆசிரியை காலை ஆறு மணிக்கே நிற்பார். நேர்ப்பகுதி எளிது. வளைவுதான் கணக்கு. வெளிப்பாதையில் ஓடுகிறவள் பெரிய வட்டத்தில் ஓடுகிறாள். ஆகவே அவளை முன்னால் நிறுத்தவேண்டும். பாதையின் அகலம் 1.22 மீற்றர். முறைப்படியான 400 மீற்றர்ப் பாதையில் ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டாம் பாதைக்காரி 7.04 மீற்றர் முன்னால் நிற்பாள். சிறிய பாதையில் ஒரே 400 மீற்றருக்கு இரண்டு சுற்று, அதாவது நான்கு வளைவு. முழுதும் தன் பாதையிலேயே ஓடினால் முன்னிறுத்தல் ஏறத்தாழ இரட்டிப்பு. ரீச்சர் அதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். 2π என்பது எதற்கு என்று எனக்கு விளங்கியது கணித வகுப்பில் அல்ல, அந்தச் சுண்ணாம்புக் கோட்டில். சாரல் மழை ஒன்று பெய்தால் எல்லாம் அழியும், மறுநாள் திரும்பப் போடுவார். ஒருநாளும் அலுத்துக்கொண்டதை நான் காணவில்லை.

பருவகாலமும் எங்களுக்கு ஒரு எதிராளி. மாரி மழை தையில் ஓயும். மைதானத்தில் நிற்கும் வெள்ளம் வற்றக் காத்திருந்து, மாசி பங்குனியில் இல்லப் போட்டி. வலய, மாகாணப் போட்டிகள் நெருங்கும்போது கச்சான் காற்று தொடங்கிவிடும். வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கும் பிள்ளைகளுக்கு: நான் சொல்வது கொறிக்கிற கச்சானை அல்ல, மேற்கிலிருந்து வயல்வெளியின் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு வாவியைக் கடந்து வரும் காற்றை. 100 மீற்றர், 200 மீற்றர் ஓட்டங்களில் பின்காற்று செக்கனுக்கு 2.0 மீற்றருக்கு மேற்பட்டால் அந்த நேரம் சாதனையாகப் பதியப்படாது என்பது விதி. எங்கள் போட்டிகளில் காற்றுமானியை நான் கண்டதில்லை. கச்சான் முதுகில் அடித்தால் எல்லோரும் வீராங்கனைகள். முகத்தில் அடித்தால் எல்லோரும் மண் தின்றோம்.

இனி, மலரில் எழுதுவதா விடுவதா என்று யோசித்த விடயம். எமது பாடசாலையில் ஆறாம் ஏழாம் ஆண்டுகளில் ஓடிய பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பத்தாம் ஆண்டில் ஓடியவர்களின் எண்ணிக்கையையும் எந்தக் காலத்து மாணவியைக் கேட்டாலும் சொல்வாள்: பாதி பாதியாகக் குறையும். காரணம் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை பெரியபிள்ளை ஆனதும் நல்லெண்ணெய் கொடுத்தார்கள், பச்சை முட்டை கொடுத்தார்கள், உளுத்தங்களி கிண்டிக் கொடுத்தார்கள். ஒரு ஓட்டக்காரிக்கு இதைவிட நல்ல உணவுத் திட்டத்தை நான் இன்றும் எழுதிக் கொடுக்க முடியாது. அவ்வளவும் ஊட்டிவிட்டு மைதானத்துக்குப் போகாதே என்றார்கள். காற்சட்டை ஒரு பிரச்சினை, நெஞ்சு ஒரு பிரச்சினை, வெயிலில் கறுப்பது ஒரு பிரச்சினை. "என்னகா, உன்ர புள்ள பொடியன் மாதிரி ஓடித்திரியிறாள்" என்று பக்கத்து வீட்டில் ஒரு சொல் போதும். வீட்டையும் வளவையும் மகளுக்கே எழுதிவைக்கிற ஊர் இது. தாய்வழிக் குடி பார்க்கிற ஊர். அப்படிப்பட்ட ஊரிலும் மகளின் கால் அவளுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. முழங்காலுக்குக் கீழ் வரும் பாவாடைக் காற்சட்டை தைத்துக் கொடுத்து, தாய்மாரை வீடு வீடாகப் போய்ச் சந்தித்து, "நான் கூட்டிப்போய் நானே கூட்டிவந்து விடுறன்" என்று சத்தியம் பண்ணி அணியைக் காப்பாற்றிய ஆசிரியைகள் எமக்கு இருந்தார்கள். பரிசளிப்பு விழா அறிக்கையில் அந்த வீட்டுப் படலைகள் பதிவாகவில்லை.

1990ஐப் பற்றி இந்த மலரில் வேறு கட்டுரைகள் இருக்கும், நான் நீட்டவில்லை. ஆனி மாதம் யுத்தம் மீண்டும் தொடங்கியது. ஆவணியில் நடந்தவை இந்த மாவட்டத்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் மறக்கக்கூடியவை அல்ல. பாடசாலைகள் அகதி முகாம்களாயின. கூடைப்பந்துப் பயிற்றுநராக எல்லோரும் அறிந்த யூஜின் ஹேபர்ட் அடிகளார் அந்த ஆவணி 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் வந்த இளைஞருடன் காணாமற்போனார். இன்றுவரை அவருக்கு ஒரு கல்லறை இல்லை. நான் அப்போது சிறுபிள்ளை. மைதானத்தில் சமையல் அடுப்புகள் எரிந்ததை நினைவில் வைத்திருக்கிறேன். ஓடுபாதையின் உள்வளைவில் மூன்று கல் வைத்த அடுப்பு.

அந்த மைதானத்தில்தான் சில ஆண்டுகள் கழித்து நாங்கள் ஓடப் பழகினோம். எங்கள் அணியின் கதையைச் சொல்வதற்கு முன் பூகோளம் கொஞ்சம். வடக்கும் கிழக்கும் 1988இலிருந்து 2006 முடியும் வரை ஒரே மாகாணம். ஆகவே எங்கள் மாகாணப் போட்டி வட கிழக்கு மாகாணப் போட்டி. காகிதத்தில் ஒரே மாகாணம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் திருகோணமலைக்குக் கப்பலில் வரவேண்டிய காலம் அது. எங்களுக்கோ வாகரை வழியான கரையோரப் பாதை இல்லை. வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை என்று மேற்கே போய்ச் சுற்றி மீண்டும் கிழக்கே வரவேண்டும். நேர்வழியைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி, நடந்து, ஏறி. ஸ்பைக்ஸ் சப்பாத்தின் அடியில் இருந்த ஆணிகளைக் காட்டி இது ஓடுவதற்கு என்று விளக்க, ரீச்சர் ஒருமுறை வீதியிலேயே ஓடிக் காட்டினார். சேலையோடு.

வாவிக்கு இரண்டு கரை. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. எங்கள் நான்கு பேரில் கடைசிக்கோல் ஓடியவள் படுவான்கரைக்காரி. நகரத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தாள். வெள்ளி பின்னேரம் மண்முனைத் துறையில் பாதை ஏறி ஊருக்குப் போவாள். பாதை என்றால் இங்கே தெருவல்ல, ஆட்களையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. வயலில் வரம்பால் ஓடிப் பழகிய பிள்ளை. வரம்பு ஒரு அடி அகலம். அதில் ஓடுகிறவளுக்கு 1.22 மீற்றர்ப் பாதை பெருந்தெரு. கோலை வாங்கும்போது அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். அஞ்சலோட்டத்தின் முழு இரகசியமும் அதுதான். அந்தக் காலத்து விதிப்படி கோல் மாற்றும் வலயம் 20 மீற்றர், அதற்கு முன் வேகமெடுக்க 10 மீற்றர். இப்போது முழுவதையும் சேர்த்து 30 மீற்றர் வலயமாக்கிவிட்டார்கள். கொடுப்பவள் குறித்த அடையாளத்தைத் தாண்டியதும் வாங்குபவள் கண்ணை முன்னால் வைத்து முழு வேகத்தில் புறப்பட வேண்டும். "கை" என்ற சத்தத்துக்குக் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். பின்னால் வருகிறவள் வருவாள் என்ற நம்பிக்கையில் ஓடுவது. தனித்தனியே நேரம் எடுத்தால் எங்களைவிட வேகமான நால்வர் வேறு பாடசாலைகளில் இருந்தார்கள். கோல் மாற்றத்தில் நாங்கள் அவர்களைப் பிடித்தோம். வலயத்தில் முதலிடம் வந்தோம்.

நான் இந்த நால்வரில் ஒருத்தி அல்ல. ஐந்தாவது பிள்ளை. மேலதிக வீராங்கனை, சப்பாத்துத் தூக்கி.

மாகாணப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்க அந்தப் பிள்ளை திங்கட்கிழமை வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. ஊரில் ஒரு தாய் பயந்துவிட்டாள். ஓடுகிற பிள்ளை கண்ணில் படும். எந்தக் கண்ணில் என்று அந்தக் காலத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. படுவான்கரையிலும் கண்கள் இருந்தன, எழுவான்கரையிலும் இருந்தன. திடகாத்திரமான பெண்பிள்ளையை வீட்டில் வைத்திருந்த ஒவ்வொரு தாயும் அந்த ஆண்டுகளில் ஒரே கணக்கைத்தான் போட்டாள். ரீச்சர் பாதை ஏறி அக்கரைக்குப் போனார். தனியே திரும்பி வந்தார். அந்தப் பிள்ளைக்குப் பதினாறு வயதில் கலியாணம் பேசி முடித்துவிட்டார்கள். கலியாணமான பிள்ளையை யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்பது அன்றைய நம்பிக்கை.

கடைசிக்கோலை நான் ஓடினேன். கோல் விழவில்லை. மூன்றாமவள் இரண்டாவது இடத்தில் கொண்டுவந்து என் கையில் தந்தாள். நான் நான்காவதாக முடித்தேன். முதல் மூன்று அணிகளுக்குத்தான் தேசியப் போட்டி. பஸ்ஸில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஹபரணையில் இறங்கித் தேநீர் குடித்தபோது ரீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மனே, நீ திரும்பிப் பாத்த" என்றார். ஆம், பார்த்தேன். கோல் வருகிறதா என்று திரும்பிப் பார்த்த அந்த ஒரு கணத்தில் போனது இரண்டு இடம். இத்தனை ஆண்டுகளில் அந்தத் தவறைப் பலமுறை ஓடிப் பார்த்துவிட்டேன். அவள் ஓடியிருந்தால் என்ன நேரம் வந்திருக்கும் என்று கணக்குப் போட்டும் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கை மேலும் நீட்டினால் அவளுடைய முழு வாழ்க்கையையும் கணக்குப் போடவேண்டி வரும், அத்தோடு விட்டுவிடுவேன்.

பின்னர் 2000ஆம் ஆண்டு. சிட்னியில் 200 மீற்றரில் சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கனில் மூன்றாவதாக வந்தார். முதலிடம் பெற்ற மேரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்தை ஒப்புக்கொண்டு பதக்கத்தை இழந்தபின், 2009இல் அது வெள்ளியாயிற்று. அதற்கு முன்பே 1998 பாங்கொக் ஆசிய விளையாட்டில் தமயந்தி தர்ஷா 200, 400 மீற்றர் இரண்டிலும் தங்கம் எடுத்திருந்தார். சுசந்திகா கேகாலைப் பக்கத்து அத்னாவல என்ற கிராமத்துப் பெண்; வசதியில்லாத வீடு. யுத்தத்தின் நடுவில் நாங்கள் அந்த வெற்றியை எப்படி எடுத்துக்கொண்டோம் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், வானொலியில் கேட்டுவிட்டு அழுதேன். சாவடியில் அன்று வெடி கொளுத்தினார்கள்; வெடிச்சத்தம் கேட்டதும் எங்கள் தெருவில் கதவுகளைச் சாத்தினார்கள். இரண்டும் ஒரே நாளில் நடந்தது.

உலகப் போட்டிகளில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது 2006 டோஹா ஆசிய விளையாட்டு. பஹ்ரேன் நாட்டு ருக்கையா அல் கஸ்ரா தலை முதல் கால் வரை மூடிய ஆடையில் ஓடி 200 மீற்றரில் தங்கம் வென்றார். அதே போட்டிகளில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்துக் கதக்குறிச்சிப் பெண் சாந்தி சௌந்தரராஜன் 800 மீற்றரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை என்று சொல்லி அதைப் பறித்தார்கள். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். பரிசோதனையின் பெறுபேறு ஒரு நோயாளியின் இரகசியம் என்பது மருத்துவத்தின் அரிச்சுவடி. அவருடையது தொலைக்காட்சிச் செய்தியானது. ருக்கையாவின் ஓட்டத்தினால் எமது மாவட்டத்துக்கு நன்மை உண்டு: இன்று வெபர் மைதானத்தில் காத்தான்குடி, ஏறாவூர்ப் பிள்ளைகள் முழு ஆடையில் ஓடுகிறார்கள், யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. சாந்தியின் கதையிலிருந்து நாம் கற்றுக்கொண்டோமா என்பது எனக்குச் சந்தேகம். நன்றாக ஓடுகிற பெண்பிள்ளையைப் பார்த்து "இது பொம்பிளைப் புள்ளைதானா" என்று பவிலியனில் கேட்கும் சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

வைத்தியராக இரண்டு வார்த்தை, மலர்க்குழு எதிர்பார்த்ததற்காக. ஓடுகிற பிள்ளை திடீரென்று நேரம் குறைந்து, படியேற மூச்சு வாங்கினால் 'சோம்பல்' என்று முடிவெடுக்காமல் இரத்தத்தைப் பாருங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை. பாடசாலையில் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையை வாங்கி யன்னலால் எறியும் வழக்கம் எங்கள் காலத்தில் இருந்தது. இப்போதும் இருப்பதாகக் கேள்வி. சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்பில் பெரும்பங்கு உடலில் சேராது. அடுத்தது, பயிற்சி கூடி மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றால் அதைப் போட்டிக்கு வசதி என்று எண்ணவேண்டாம். எரிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பாடு போதவில்லை என்று உடல் சொல்வது அது; எலும்பு மெலியும், காலில் வெடிப்பு வரும். சர்வதேச ஒலிம்பிக் குழுவே 2014இல் இதற்கெனத் தனி அறிக்கை வெளியிட்டது. பிள்ளை இதை ஆண் பயிற்றுநரிடம் சொல்லமாட்டாள். பக்கத்தில் ஒரு பெண் ஆசிரியையாவது இருக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அது போதும்.

எமது சங்கத்திடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. வீடுகளில் சான்றிதழ்கள் இருக்கின்றன. கறுத்துப்போன கிண்ணங்கள், வலய அதிகாரியின் கையொப்பமிட்ட கடதாசிகள், பின்னால் பெயர் எழுதிய புகைப்படங்கள். சூறாவளிக்கும் 2004 மார்கழி 26ஆந் திகதிக் கடலுக்கும் தப்பியவை. அவற்றின் பிரதிகளைச் சேர்த்து ஆண்டு, நிகழ்ச்சி, நேரம், பெயர் என்று ஒரு பதிவேடு தொடங்கவேண்டும். அதில் நான்காவதாக வந்தவர்களையும் எழுதுங்கள். போட்டிக்கு வராமற்போனவர்களையும் எழுதுங்கள்.

எங்கள் கடைசிக்கோல்காரியை நான் போன வருடம் சந்தித்தேன். பேரப்பிள்ளை கண்டுவிட்டாள். மூத்தவளை ஓடவிட்டிருந்தாளாம்; கடைக்குட்டி இப்போது எம் பாடசாலையில் படிக்கிறாள், 800 மீற்றர் ஓடுகிறாள். மண்முனையில் 2014இல் பாலம் திறந்தாயிற்று. பாதைக்குக் காத்திருந்த துறையில் இப்போது பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பயிற்சி எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டேன். மாலை ஐந்தேகாலுக்கு நிறுத்திவிடுவார்களாம். ஏன் என்றேன். படுவான்கரைக்குப் போகும் கடைசி பஸ் ஐந்தரைக்கு என்றாள்.